ஒரு மாற்றுப் பெனியன்

ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்பது நம்மவர் வழக்கு. அதைச் சொல்லி வைத்த பெரியவர் ரிவர்ஸ்டன் மேட்டைக் கண்டிருக்கமாட்டார். கண்டிருந்தால் ஆடி மாதத்தோடு நிறுத்தியிருக்கமாட்டார். தை மாதத்து விடியற்காலை ஒன்றில் நாம் அம்மேட்டில் வாகனத்தை விட்டு இறங்கியபோது, கதவைத் திறக்க ஒருவர், அதைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் என இருவர் வேண்டியிருந்தது. சுவெட்டர், அதன்மேல் ஒரு கோட்டு, காதைச் சுற்றி மப்ளர் என்று நாம் பொட்டலம்போல நின்றுகொண்டிருந்தோம். நின்றும் பற்கள் தந்தியடித்தன.

அவ்வேளையில் மாத்தளைப் பக்கத்து வளைவிலிருந்து ஐந்தாறு இளைஞர்கள் ஓடிவந்தனர். கையில்லாப் பெனியனும் அரைக் காற்சட்டையும் அன்றி அவர்கள் உடலில் வேறொன்றும் இல்லை. முகம் சிவந்து, தோள்களிலிருந்து நீராவி எழும்பியது. ஐயோ பாவம் என்று நாம் அவர்களைப் பார்த்தோம். இதென்ன வேடம் என்று அவர்கள் நம்மைப் பார்த்தார்கள். பின்தங்கிவிட்ட தோழர்கள் வந்து சேரட்டும் என்று அவர்கள் வீதியோரக் கட்டில் அமர்ந்தனர். கால்மணி நேரம் ஆகியிருக்காது. அமர்ந்திருந்தவர்களில் ஒரு பையன் அவிழ்ந்திருந்த சப்பாத்துக் கயிற்றைக் கட்ட முயன்றான், விரல்கள் இசையவில்லை. உதடுகள் நீலம் பாரித்திருந்தன. நம்முடைய மப்ளர் அவன் கழுத்துக்கும் கோட்டு அவன் தோளுக்கும் இடம் மாறின. சற்றுமுன் குளிரே அறியாதிருந்தவன் எப்படி இவ்வளவு விரைவில் நடுங்கத் தொடங்கினான்?

இந்நிகழ்ச்சியை நாம் ஏறக்குறைய மறந்திருந்த வேளையில், இரத்தோட்டைப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் எழுதிய கடிதம் வந்தது. விடுமுறை நாட்களில் தாமும் நண்பர்களும் ரிவர்ஸ்டனைக் கடந்து லக்கலப் பக்கம் ஓடிப் பழகுவதாகவும், சுவெட்டரும் மப்ளரும் இல்லாமல் வாசலைத் தாண்டக்கூடாது என்று அம்மா தடுப்பதாகவும், பெனியன் ஒன்றே போதும் என்று பயிற்சியாளர் சொல்வதாகவும் எழுதி, யார் சொல்லைக் கேட்பது என்று வினவியிருந்தார். முதலாந் தவணையில் நம் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் நடைபெறும் காலம், மலைநாட்டில் குளிரும் பனிமூட்டமும் மிகுந்த காலமும் ஆகும். ஆகவே இவ்வினா அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. நம் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: இருவர் சொல்வதும் சரியே. ஆனால் பயிற்சியாளர் சொல்வது ஓடும் நேரத்துக்கு. அம்மா சொல்வது ஓட்டம் நின்ற நேரத்துக்கு. இரண்டையும் இடம் மாற்றிக்கொண்டால்தான் வினை.

வினையைச் சொல்லுமுன் இடத்தைச் சொல்லவேண்டும். மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ஏறும் வீதி, ஏறக்குறைய 30 கிலோமீற்றர் சென்று ரிவர்ஸ்டன் மேட்டைத் தொட்டு, அப்புறம் பிட்டவல பத்தனைப் புல்வெளியோரமாகவும் இலுக்கும்புர வழியாகவும் லக்கலைக்கு இறங்குகிறது. மடக்கிய கையின் விரல்மொழிகளைப் போலத் தோன்றுவதால் ஆங்கிலேயர் இம்மலைத்தொடரை நக்கிள்ஸ் என்றனர். சிங்கள மக்கள் தும்பறை மலை என்பர். 2000 ஆம் ஆண்டில் இது பாதுகாக்கப்பட்ட வனமாயிற்று; 2010 இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. ஆகையால் ஓடுவோர் பொது வீதியோடு நின்றுகொள்வது நல்லது. காட்டுத் தடங்களில் நுழைவதற்கு வனத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கீழே, களு கங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய பல்லேகம நகரம் நீருக்குள் போயிற்று. அதற்குப் பதிலாக எழுந்த லக்கல புதிய நகரம் 2019 இல் மக்களிடம் கையளிக்கப்பட்டது.

லக்கலையின் குளிரில் ஒரு தனித்தன்மை உண்டு. கீழே பல்லேகமப் பக்கத்தில் வயலும் வெயிலும். அங்கே சுவெட்டர் என்றால் சிரிப்பார்கள். அதே வீதியில் மேலே ஏற ஏறக் கதை மாறுகிறது. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறக்குறைய 6 பாகை வெப்பம் குறையும் என்பது பூகோளப் பாடத்தில் படித்ததே. அத்தோடு முடிந்தால் கவலையில்லை. வடகீழ்ப் பருவக்காற்று மழையைச் சுமந்து வந்து இச்சரிவில்தான் முதலில் மோதுகிறது. முகட்டில் காற்றின் உரத்துக்கு அஞ்சி மரங்களே குட்டையாகக் குனிந்து வளர்கின்றன. மழையென்றும் சொல்லமுடியாத, பனியென்றும் சொல்லமுடியாத ஒரு நனைப்பு, அதன்மேல் காற்று. நுவரெலியாவின் உறைபனிக் காலையைவிட இந்த ஈரக் காற்று பொல்லாதது என்பது நம் அபிப்பிராயம். உறைபனியைக் கண்டால் எவரும் எச்சரிக்கையாயிருப்பர். இங்கே வெப்பமானி 14 பாகையோ 15 பாகையோ காட்டிக்கொண்டிருக்கும், யாரும் பொருட்படுத்தமாட்டார்.

காற்று செய்யும் வேலைக்குக் கணக்கும் உண்டு. அண்டார்ட்டிக்காவில் போல் சைப்பிள், சார்ள்ஸ் பாசெல் என்ற இரு அமெரிக்கர் ஒரு குழாய்க் குப்பியில் நீரை நிரப்பித் தொங்கவிட்டு, எந்தக் காற்றில் எத்தனை விரைவாக அது உறைகிறது என்று அளந்தனர். அவர்களுடைய முடிவுகள் 1945 இல் வெளியாயின. அக்கணக்கைத் திருத்தி 2001 முதல் வழங்கிவரும் சூத்திரத்தின்படி, வெப்பமானி 10 பாகை காட்டும்போது மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் காற்று அடித்தால், வெறுந்தோலுக்கு அது 6 பாகைக் குளிராகும். இது உலர்ந்த தோலுக்குரிய கணக்கு. நனைந்த தோலுக்கு இன்னும் மோசம். எதிர்க்காற்றில் ஓடுவோர் தம் சொந்த வேகத்தையும் அதனோடு கூட்டிக்கொள்ளவேண்டும்.

இனி அந்தப் பையனிடம் திரும்புவோம். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் ஏறக்குறைய 100 வாட் மின்குமிழ் ஒன்று தரும் வெப்பத்தைத் தருகிறது. ஓடும்போது அதுவே ஆறேழு குமிழ்களாகிறது. தசை செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வெப்பமாகவே போய்விடுகிறது. காலை எடுத்து வைப்பதற்குப் பயன்படுவது மிச்சமுள்ள ஒரு பங்குதான். ஆகவே ஓடுபவன் ஒரு நடமாடும் அடுப்பு. அடுப்புக்குச் சுவெட்டர் போட்டால் என்னாகும்? பத்து நிமிடத்தில் உடல் கொதித்து வியர்வையைக் கொட்டும். அவ்வியர்வை முழுவதையும் சுவெட்டரும் உள்ளே இருக்கும் பருத்திப் பெனியனும் குடித்துக்கொள்ளும். மேட்டை அடையும்போது அவன் ஓர் ஈரத் துணியைச் சுமந்து நிற்கிறான். பெனியன் மட்டும் அணிந்து ஏறியவனுக்கும் வியர்வை உண்டு. அளவு சற்றுக் குறைவு. நின்றவுடன் குமிழ்களெல்லாம் அணைந்து ஒன்றே எரிகிறது. ஈரமோ அப்படியே இருக்கிறது.

ஈரம் என்ன செய்யும் என்பதை நம் வீட்டு மண்பானை சொல்லும். பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் நீரின் வெப்பத்தைப் பறித்துக்கொண்டு போகிறது. அதனால்தான் பானைத் தண்ணீர் தண்ணென்றிருக்கிறது. தோலின்மேல் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். ஒரு கிராம் பனிநீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 100 கலோரியே போதும் என்பதை நினைத்தால் இக்கணக்கின் பெருமை விளங்கும். நனைந்த பெனியனோடு காற்றில் நிற்பவன் தானே ஒரு மண்பானையாகி நிற்கிறான். மேலும், வெப்பத்தைக் கடத்துவதில் நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வல்லது. துணியின் இழைகளுக்கிடையே தங்கியிருக்கும் காற்றுதான் நம்மைக் காப்பது. அந்த இடத்தை நீர் பிடித்துக்கொண்டால் ஆடை இருந்தும் இல்லாத கதையே.

நம் பாட்டிமார் ஒன்று சொல்வார்கள்: “வேர்வையோடு காத்தில நிக்காதே, வேர்வை உள்ளே இறங்கிடும், சளி பிடிக்கும்.” வியர்வை உள்ளே இறங்குவதில்லை. சளி பிடிப்பது வைரஸ் கிருமியால். ஈரத்தால் மட்டும் அன்று. காரணம் இரண்டும் பிழை. ஆனால் ‘வேர்வையோடு காற்றில் நிற்காதே’ என்ற கட்டளை இருக்கிறதே, அதில் ஒரு எழுத்தும் பிழையில்லை. பிழையான காரணத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டுச் சரியான கட்டளையையும் சேர்த்துத் தூக்கியெறியும் வழக்கம் படித்தவர்களுக்கு உண்டு. நாமும் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களே.

படித்தவர்கள் இதைக் கண்டறிந்த கதை துயரமானது. 1964 மார்ச் 14 ஆம் நாள் இங்கிலாந்தின் டார்பிஷயர் மேட்டுநிலத்தில் சாரணர்களுக்கான நெடுநடைப் போட்டியொன்று நடந்தது. மழையும் பலத்த காற்றும் சேர்ந்துகொண்டன. திடகாத்திரமான மூன்று இளைஞர்கள் உயிரிழந்தனர். 1953 இல் டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட் ஏறிய பயணத்தில் உடலியல் அறிஞராகச் சென்றிருந்த கிரிஃபித் பியூ இதை ஆராய்ந்து, 1966 இல் தம் முடிவுகளை வெளியிட்டார். உறைபனிக் குளிர் இல்லாத நாளிலும், ஆடை நனைந்து காற்றும் அடித்தால் அவ்வாடையின் காப்பு மிகப் பெரிதும் அற்றுப்போகிறது என்றார். விரைந்து நடக்கும்வரை தசைகள் தரும் வெப்பம் ஈடுசெய்கிறது. களைத்து வேகம் குறைந்ததும் வரவு குறைந்து செலவு மிஞ்சுகிறது. திறமையுள்ளவன், இளைஞன், பயிற்சி பெற்றவன் என்ற வேறுபாடெல்லாம் அப்போது உதவுவதில்லை.

இது பழைய கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2021 மே 22 ஆம் நாள் சீனத்தின் கான்சு மாகாணத்தில், மஞ்சள் நதிக் கற்காட்டுப் பகுதியில் 100 கிலோமீற்றர் மலையோட்டம் நடந்தது. ஓடியவர்கள் 172 பேர். நண்பகலை அண்டி, உயரமான பகுதியில் அவர்கள் ஏறிக்கொண்டிருந்தபோது ஆலங்கட்டியும் குளிர்மழையும் சூறைக்காற்றும் திடீரெனச் சூழ்ந்தன. பலர் மெல்லிய சட்டையும் அரைக் காற்சட்டையும் மட்டுமே அணிந்திருந்தனர். காற்றைத் தடுக்கும் மேலங்கி கட்டாயப் பொருள்களின் பட்டியலில் இல்லை. 21 பேர் குளிரால் மாண்டனர். அவர்களுள் சீனத்தின் முன்னணி நெடுந்தூர ஓட்டவீரர் லியாங் ஜிங்கும் ஒருவர். தன் ஆடுகளோடு மலையிலிருந்த சூ கமிங் என்ற இடையர், விறைத்துக்கிடந்தவர்களைத் தாம் ஒதுங்கியிருந்த குகைக்குக் கொண்டுசேர்த்து, தீ மூட்டிப் போர்வை போர்த்தி ஆறு பேரைக் காப்பாற்றினார். அவரிடம் இருந்தது ஓட்டவீரர்களிடம் இல்லாதவைதாம்: காற்றுப் புகாத இடம், உலர்ந்த போர்வை, நெருப்பு.

போர்வை என்றவுடன் மாத்தளைத் தமிழர்களுக்கு ஒரு சொல் நினைவுக்கு வரவேண்டும். கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதப் பாதை வந்தது 1880 இல். அதற்கு முன், கோப்பிக் காலத்தில், தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய நம் முன்னோர் வடபாதைக் காடுகளூடே தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாகவே வந்தனர். வெயில்நாட்டு மக்கள், அரையில் ஒரு துண்டு, தலையில் ஒரு துண்டு. கொள்ளைநோயும் பசியும் வழியிலேயே பலரைக் கொண்டன. மலைக்கு வந்து சேர்ந்தவர்களைக் குளிரும் ஈரமும் வரவேற்றன. தோட்டத்தில் அவர்களுக்கு வழங்கப்பட்டது கம்பளி. இலவசமாக அன்று, பற்றுச்சீட்டில் எழுதிக் கூலியிற் கழித்துக்கொண்டார்கள். துரைமாரின் ஆங்கிலத்திலும் அது ‘கம்ப்ளி’ என்றே புகுந்துவிட்டது. மழையில் தேயிலைக் கொழுந்தெடுத்த பெண்கள் அதைத் தலையிலிருந்து முதுகுவழி இறக்கிக் கட்டிக்கொண்டு, நாள் முழுவதும் நனைந்து நின்றார்கள்.

சொரசொரத்த அக்கம்பளியை ஏளனஞ் செய்யவேண்டாம். ஆட்டுமயிர் தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீராவியை ஈரமென்று தோன்றாமலே உள்ளே வாங்கிக்கொள்ளும். அதன் சுருண்ட இழைகள் நனைந்தபோதும் ஒன்றோடொன்று படிந்துவிடாமல் சிறிது காற்றைப் பிடித்துவைத்திருக்கும். பருத்தி அவ்வாறன்று, நனைந்தால் தோலோடு ஒட்டிப் படிந்துவிடும். வெயிலில் பருத்திக்கு நிகர் வேறில்லை; யாழ்ப்பாணத்தில் ஓடுவோருக்கு நாம் இதைச் சொல்லமாட்டோம். பொலியெஸ்டர் இழையோ தனக்குள் நீரை ஏற்பதேயில்லை. வியர்வை அதன் மேற்பரப்பில் பரவி விரைவில் உலர்ந்துவிடும். பாடசாலை இல்லங்களுக்கென்று இப்போது தைக்கும் வழுவழுப்பான வர்ணச் சட்டைகள் பெரும்பாலும் இவ்வகையே. அதை அணியச் சொன்னால், உள்ளே ஒரு பருத்திப் பெனியனையும் போட்டுக்கொள்வது நம் பிள்ளைகளின் பழக்கம். அந்த உட்பெனியன்தான் இங்கே குற்றவாளி. அதைக் கழற்றிப் பையில் வைத்தால் அதுவே பிறகு நண்பனாகும். எப்படி என்பதைச் சொல்கிறோம்.

இன்னொன்று. குளிர்நாட்டு ஓட்டக்காரர்கள் அணியும் விலையுயர்ந்த ஆடைகளிற் பல, நம் நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் நம் பெண்கள் தைத்தவை. ஏற்றுமதியில் மிஞ்சியவை நடைபாதைக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். கழுத்துப்பட்டியில் இருக்கும் துணிவிவரத்தைப் பார்த்து வாங்கினால் போதும். மார்பில் இருக்கும் சின்னத்துக்குப் பணம் கொடுக்கவேண்டாம்.

சரி, புறப்படும்போது எவ்வளவு அணிவது? ஓடுவோரிடையே ஒரு கணக்கு உண்டு: வெளியே உள்ள வெப்பத்தோடு 10 பாகையைக் கூட்டி, அந்த வெப்பத்தில் சும்மா நடப்பதற்கு எதை அணிவீர்களோ அதை அணியுங்கள் என்பது. வாசலில் நிற்கும்போது சற்றுக் குளிரவேண்டும். முதற் பத்து நிமிடம் அம்மாவைத் திட்டத் தோன்றினால் ஆடை சரி; கதகதப்பாயிருந்தால் மிகை. ரிவர்ஸ்டன் பாதைக்கு, விரைவில் உலரும் நீண்டகைச் சட்டை ஒன்று போதுமென்பது நம் எண்ணம். கையில்லாச் சட்டையைவிட இதையே விரும்புகிறோம். வெப்பம் ஏறினால் கையைச் சுருட்டலாம், இல்லாத கையை இறக்கமுடியாது. காலுக்கு அரைக் காற்சட்டை போதும், உழைக்கும் தசை தானே சூடாயிருக்கும். பெண்பிள்ளைகள் நீண்ட பருத்திக் காற்சட்டையோடு ஓடுவதை மலைப் பாடசாலைகளில் காண்கிறோம். நனைந்தால் அது முழங்காலைப் பிடித்து இழுக்கும். உடலோடு இசையும், நீட்சியுள்ள, விரைவில் உலரும் நீளக் காற்சட்டை மரியாதைக்கும் குறைவில்லை, ஓட்டத்துக்கும் தடையில்லை. இதைப் பற்றி முகஞ்சுளிக்கும் பெற்றோர், மகள் ஈரத்துணியோடு வீடு திரும்புவதை விரும்புவார்களா?

மப்ளரைப் பற்றி எழுதாவிட்டால் நம் குடும்பங்களில் யாரும் மன்னிக்கமாட்டார்கள். உடல் வெப்பத்தில் பாதிக்குமேல் தலைவழியே போகிறது என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். அது உண்மையன்று. தலை உடற்பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. வெப்பமும் ஏறக்குறைய அந்த அளவிலேயே போகிறது. ஆனால் காதுகளுக்குக் குளிர் உறைக்கும். மெல்லிய துணித்தொப்பி போதும். கழற்றிக் காற்சட்டைப் பையில் செருகிக்கொள்ளலாம். மப்ளரோ ஓடும்போது அவிழும், நனையும், கனக்கும். குரங்குத் தொப்பி அணிந்து ஓடினால் மூச்சுப் பிடிக்கும் என்பதோடு, லக்கலை நாய்கள் துரத்தவும் கூடும். விரல்களை மறக்கவேண்டாம். கயிறு கட்டவும் பைவாயைத் திறக்கவும் விரல்கள் தேவை. மலிவான நூல் கையுறை ஒரு சோடி இருந்தால் உடலுக்கு இன்னொரு சட்டை போட்டதற்குச் சமம். காலுறை சற்று நீளமாயிருக்கட்டும், அது அட்டைகளுக்காக. நின்று இளைப்பாறும் இடத்தில் அட்டை ஏறாத கால் அந்த மலையில் இல்லை.

ஏற்றம் முடிந்து மேட்டைத் தொட்டதும், லக்கலப் பக்கத்து இறக்கம் தொடங்குகிறது. இங்கேதான் பலரும் ஏமாறுவர். ஏற்றத்தில் உடல் உழைத்தது, வேகம் குறைவு. இறக்கத்தில் உழைப்புக் குறைவு, வேகம் அதிகம், எதிரே வடகீழ்க் காற்று. சட்டையோ ஏற்றத்தின் வியர்வையில் நனைந்திருக்கிறது. பிரான்ஸ் தேசத்துச் சைக்கிள் ஓட்டப் பந்தயத்தில் மலைமுகட்டை அடையும் வீரர்கள், வழியோரம் நிற்பவர்களிடம் பத்திரிகைத் தாளை வாங்கிச் சட்டைக்குள் நெஞ்சின்மேல் செருகிக்கொண்டு இறங்குவது பழைய வழக்கம். தாள் காற்றைத் தடுக்கும், சிறிது ஈரத்தையும் உறிஞ்சும், கீழே வந்ததும் எடுத்துவிடலாம். ஆகவே நேயர்கள் இப்பக்கத்தைப் படித்து முடித்தபின் பொட்டலம் மடிக்கமட்டுமே பயன்படுத்தவேண்டியதில்லை. நெஞ்சுக்கு நெருக்கமாகவும் வைத்துக்கொள்ளலாம். நம் எழுத்துக்கு இதைவிடப் பெரிய கௌரவம் கிடைக்கப்போவதில்லை.

மழை பிடித்தால் தாள் கூழாகிவிடும். அதற்குப் பெரிய பொலித்தீன் குப்பைப் பை ஒன்று போதும். அடிப்பக்கத்தில் தலைக்கு ஒரு துளை, இருபுறமும் கைகளுக்கு இரு துளைகள். வெளிநாட்டு மரதன் ஓட்டங்களில் தொடக்கக் கோட்டருகே காத்து நிற்போர் ஆயிரக்கணக்கில் இதையே அணிகிறார்கள். பழைய தோட்டக்காரர் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்ட கொங்காணிக்கு இது தம்பி முறை. சிறு பிள்ளைகளிடம் பையைக் கொடுத்து விளையாடவிடலாகாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. பையை வழியில் எறிந்துவிட்டு வருவோரோடு நமக்குப் பேச்சில்லை. அது பாதுகாக்கப்பட்ட வனம்.

இனி அந்த உட்பெனியனுக்கு வருவோம். ஒரு சிறு பொலித்தீன் பையில், உலர்ந்த பெனியன் ஒன்றைச் சுருட்டி, வாயை இறுகக் கட்டி, இடுப்பிலோ முதுகிலோ வைத்துக்கொள்ளவேண்டும். நின்றவுடன், மூச்சு ஆறுமுன், நனைந்த சட்டையைக் கழற்றி உடலைத் துடைத்து இதை அணியவேண்டும். பருத்தியானாலும் பாதகமில்லை, உலர்ந்திருக்கும்வரை பருத்தி நல்லது. ஈரச் சட்டையின்மேல் கனத்த சுவெட்டரைப் போட்டுக்கொள்வோர் உண்டு. அது மண்பானைக்குச் சால்வை போர்த்துவது. பானை குளிர்ந்துகொண்டுதானிருக்கும், சுவெட்டரும் நனையும். முதலில் ஈரம் போகட்டும், பிறகு சுவெட்டர் வரட்டும்.

பாடசாலை ஆசிரியர்களிடம் நமக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. மரதன் ஓட்டம் முடிந்த பிள்ளைகளை, கடைசிப் பிள்ளை வந்துசேரும்வரை, அதன்பின் பிரமுகர் வந்துசேரும்வரை, அதன்பின் பிரமுகர் பேசி முடிக்கும்வரை நனைந்த சட்டையோடு மைதானத்தில் வரிசையாக நிறுத்திவைப்பதை மலைநாட்டில் நாம் கண்டிருக்கிறோம். முதலில் வந்தவனைவிடக் கடைசியில் வந்தவனுக்கே ஆபத்து அதிகம். அவன் நெடுநேரம் நனைந்தவன், மெதுவாக ஓடியவன், சக்தி தீர்ந்தவன். வெற்றிக் கிண்ணம் ஒரு மணி நேரம் காத்திருக்கும். ஓட்டம் முடியும் இடத்தில் ஒரு கூரை, சட்டைப் பைகள் வைக்க ஒரு மேசை, ஒரு வாளி இனிப்புத் தேநீர். தேயிலை விளையும் மண்ணில் இதற்குப் பஞ்சமா?

ஒரு பிள்ளை நடுங்குவது உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் முயற்சி. விரல்கள் தடுமாறி, பேச்சுக் குழறி, கால் பின்னி, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது என்று கொள்ளவேண்டும். நடுக்கம் தானாக நின்றுவிட்டால் சுகமாயிற்று என்று எண்ணிவிடலாகாது. அதுவே மிகப் பொல்லாத அறிகுறி. காற்றிலிருந்து உள்ளே கொண்டுபோய், ஈரத்தைக் களைந்து, உலர்ந்த போர்வையில் தலை உட்படச் சுற்றி, விழுங்கக்கூடிய நிலையிலிருந்தால் சூடான இனிப்புப் பானம் கொடுத்து, தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். குளிருக்குச் சாராயம் என்று யாரேனும் போத்தலை நீட்டினால் மறுத்துவிடுங்கள். அது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே அனுப்பிவிடும். சூடேறுவதுபோல் தோன்றுவது அதனால்தான்.

கடிதம் எழுதிய தம்பிக்கு: பயிற்சியாளர் சொன்னபடி மெல்லிய சட்டையோடு புறப்படுங்கள், கைகள் மட்டும் நீளமாயிருக்கட்டும். உலர்ந்த பெனியன் உங்கள் முதுகில். அம்மா பின்னிய சுவெட்டரையும் மப்ளரையும் வேண்டாமென்று சொல்லி அவர் மனத்தை நோகச் செய்யவேண்டாம். அவற்றை முதற் பேருந்தில் ஏறி முன்கூட்டியே இலுக்கும்புரவில் போய் நிற்கும் நண்பரொருவரிடம் கொடுத்தனுப்புங்கள். கூடவே ஒரு போத்தல் சுடுதேநீரும் அனுப்பச் சொன்னால், அம்மா இந்த ஓட்டத்துக்கே சம்மதித்துவிடக்கூடும்.